பச்சை நாளில் காய்ந்த போர்வை

அத்தியாயம் 14

கண் விழித்ததும் சலவைக்கடைக்காரி முதலில் பார்த்தது கைப்பேசியைத்தான்.

பல் துலக்குவது, அடுப்பைப் பற்றவைப்பது எல்லாம் அப்புறம். தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி எடுத்து, அரைக்கண்ணோடு, ஊர்க் காற்று எப்படி என்று நிறத்தில் காட்டும் காற்றுப் படத்தைத் திறந்தாள். ஊர் முழுக்கப் பச்சை. ஆலைகள் இருக்கிற கிழக்கு மூலையில்கூட இன்றைக்கு மஞ்சள் இல்லை. வேறு வீடாக இருந்தால் அப்பாடா என்று சன்னலைத் திறந்திருப்பார்கள். இவளுக்குப் பச்சை என்றாலே பயம்.

எழுந்து போய், திறந்திருந்த ஒரு சன்னலையும் சாத்தினாள்.

ஏன் என்று கேட்பவர்களுக்காக, இதுவரை நடந்ததை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் படிக்கிறவர்கள் அதற்குள் ஒரு காபி போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

கீழே சலவைக்கடை, நடுவில் வீடு, மேலே மொட்டை மாடி. கடை அவளுடையது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், ஆறாம் வகுப்பு. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்பதால் வீட்டில் வாயாடி என்றுதான் பெயர். அந்த வாயாடிக்கு இந்த வருஷம் மரங்கள் துளிர்த்ததிலிருந்து மூச்சு இழுக்கிறது. பேச்சும் பாதியாகக் குறைந்துவிட்டது.

கணவனின் தங்கை காற்று நிலவரம் பார்க்கிற அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கைப்பேசியில் வருகிற அந்தப் படத்தை வரைகிறவர்களில் ஒருத்தி. வீட்டில் அவளைக் காத்துக்காரி என்பார்கள். போன மாதம் ஒரு நாள், படம் பச்சையாக இருக்கிறதே என்று நம்பி வாயாடியைப் பள்ளி மைதானத்துக்கு ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அங்கே வராந்தாவில், பத்துப் பேர் பார்க்க, சலவைக்கடைக்காரி நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள். "உன் படத்தை நம்பித்தான் என் பொண்ணைக் கொண்டுவந்து இங்க படுக்க வச்சிருக்கேன்" என்று கத்தினாள். காத்துக்காரி பதில் பேசாமல் இறங்கிப் போனவள்தான். அதற்கப்புறம் இந்த வாசல் பக்கமே வரவில்லை.

போன வாரம் கணவன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். மகளை, படத்தில் எப்போதும் பச்சையாகவே தெரிகிற ஒரு கடலோர ஊரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பப் போகிறானாம். ஒரு வாரம், இரண்டு வாரம் இல்லை. அங்கேயே தங்கி அங்கேயே படிக்க. பள்ளிக்கூடம் வரைக்கும் பேசி முடித்துவிட்டான். இன்று சாயங்காலம் ரயில்.

இனிமேல் இன்றைய கதை.

வாயாடி கூடத்தில் பெட்டியின் மேலே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அதை மூட முயன்றுகொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தி உக்காரு. நீ என்ன பஞ்சா?"

"இது பெட்டியோட தப்புப்பா" என்றாள் வாயாடி. அதோடு நிறுத்திக்கொண்டாள். முன்பெல்லாம் இதே விஷயத்துக்குப் பேச்சிலேயே பெட்டி செய்த கம்பெனி வரைக்கும் போய்த் திரும்புவாள்.

"போர்வை வைக்க இடம் விடுங்க" என்றாள் அம்மா, துவைத்த துணிக் கூடையை இடுப்பில் ஏற்றியபடி.

"அங்க என்ன போர்வைக்குப் பஞ்சமா? அண்ணி ஒண்ணு குடுக்க மாட்டாங்களா?"

"அவளுக்கு இந்த நீலப் போர்வை இல்லாம தூக்கம் வராது. காத்து ஜோரா அடிக்குது, வெயிலும் இருக்கு. மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு காஞ்சுடும். வெயில் வாசனையோட மடிச்சுத் தர்றேன்."

வெயில் வாசனை விஷயத்தில் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. உலர்த்தும் மெஷின் வாங்கலாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். "மெஷின்ல காஞ்ச துணி பொணம் மாதிரி இருக்கும்" என்பாள். நாலு தெரு தள்ளி இருந்தெல்லாம் அவள் கடைக்குத் துணி வருவது அந்த வாசனைக்காகத்தான். புகைமூட்டமான நாளில் மட்டும் வெள்ளைத் துணியில் கரி படியும் என்று உள்ளே கொடி கட்டிக் காயப்போடுவாள். மற்ற நாளெல்லாம் மாடிதான்.

மாடியில் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. தெருவோர மரங்கள் இரண்டு கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, சரம்சரமாகப் பூத்திருந்தன. சுவர் விளிம்பில் மஞ்சளாய்ப் பொடி படிந்திருந்தது. தினமும் துடைக்கிற பொடிதான். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று மரங்களைத் திட்டிக்கொண்டே ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நீலப் போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள். காற்றில் போர்வை படபடவென்று அடித்துக்கொண்டது.

நாளைக்கு இந்தக் கொடியில் மகளின் துணி இருக்காது. அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வாயாடிக்கு இழுப்பு வந்த நாளெல்லாம் என்ன நிறம்? மைதானத்துக்குப் போன அன்று பச்சை. மழை விட்டு இரண்டு நாள் கழித்துக் காற்று அடித்ததே, அன்றும் பச்சை. மாமா மகன் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமையும் பச்சை. சரி, புகையால் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டார்களே, படம் ரத்தச் சிவப்பாக இருந்ததே, அந்த வாரம்? அந்த வாரம் முழுக்க வாயாடி கட்டில் மேல் ஏறிக் குதித்தாள்.

படம் தலைகீழாக இருக்கிறது! ஒருத்தருக்குமா இது தெரியவில்லை?

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே ஒரு நப்பாசையும் வந்தது. படம் தப்பு என்று நிரூபித்துவிட்டால்? அந்தக் கடலோர ஊரின் பச்சையும் தப்பாகிவிடும். மகளை அனுப்ப வேண்டியதில்லை. கூடையை அப்படியே போட்டுவிட்டு, கொடியில் நேற்றிலிருந்து தொங்கிய தன் சால்வையை உருவிப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போறே, இந்த நேரத்துல?" என்றான் கணவன்.

"உங்க தங்கச்சியைப் பார்க்க."

"சண்டைக்கா, சமாதானத்துக்கா?"

"போனாத்தான் தெரியும்."

அந்த அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் கடைசி மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி மூச்சு வாங்கப் படியேறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது சண்டைக்கு வைத்திருந்த மூச்சில் பாதி காலி.

காத்துக்காரி கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு இரண்டு திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மேஜையில் ஆறிப்போன தேநீர், ஒரு மைக்ரோஸ்கோப். அண்ணியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி? வாயாடிக்கு ஏதாவது...?"

"அவ நல்லா இருக்கா. ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

"உக்காருங்க."

"உக்கார வரல. உன் படம் தலைகீழா இருக்கு. அதைச் சொல்ல வந்தேன்."

காத்துக்காரிக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வாயை மூடிக்கொண்டு போனவள், தன் மேஜையில் அப்படி இருக்க வேண்டியதில்லை அல்லவா?

"படம் சரியாத்தான் இருக்கு அண்ணி. நாலு பேர் சரி பார்த்துத்தான் போடறோம்."

"நாப்பது பேர் பாருங்க. பச்சைன்னா என் பொண்ணு மூச்சுக்குத் தவிக்கறா. சிவப்புன்னா கட்டில் மேல குதிக்கறா. எந்த நாள் என்ன நிறம்னு வரிசையாச் சொல்லட்டுமா?"

சொன்னாள். காத்துக்காரி ஒவ்வொரு நாளையும் திரையில் திறந்து திறந்து பார்த்தாள். முதலில் மறுக்கத்தான் பார்த்தாள். மூன்றாவது நாளில் கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டாள்.

"சிவப்பா இருந்த வாரம் வீட்டுல என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவேன்? கதவை அடைச்சு வச்சேன்."

"இப்ப பச்சை நாள்லயும்தான் அடைக்கறீங்க."

"ஆமா, இப்ப ரெண்டுக்கும்தான் அடைக்கறேன். அப்பவும் இழுக்குதே!"

"ரெண்டுக்கும் வேற என்ன வித்தியாசம்? யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. புகையா இருந்தா துணியை உள்ள காயப்போடுவேன். இல்லேன்னா மாடியில. அது கடை விஷயம், இதுக்கும் அதுக்கும்..."

காத்துக்காரி எழுந்துவிட்டாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஒட்டுநாடாவைக் கிழித்து எடுத்து, அனுமதி கேட்காமல் அண்ணியின் சால்வையில் ஒட்டி அழுத்தினாள். உரித்துக் கண்ணாடித் துண்டில் பதித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, திருகைத் திருகினாள்.

"பாருங்க."

சலவைக்கடைக்காரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். உருண்டை உருண்டையாக, மங்கிய மஞ்சளில், யாரோ கடுகைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது.

"என்ன இது?"

"மகரந்தம். பூந்தூள். உங்க மாடிப் பக்கத்து மரத்தோடது."

"நான் இதைத் துவைச்சுத்தானே போட்டேன்!"

"துவைச்சீங்க. அப்புறம் எங்க காயவச்சீங்க?"

சலவைக்கடைக்காரி சால்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். காத்துக்காரி மெதுவாக, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி இல்லாமல் வீட்டு மனுஷியாகவே சொன்னாள்.

"நீங்க தினம் பார்க்கிற படம் புகையையும், ரொம்பப் பொடித் தூசியையும்தான் கணக்குல எடுக்குது. மகரந்தம் அந்தக் கணக்குலயே கிடையாது. நல்லா காத்து அடிச்சா புகை கலைஞ்சுடும், படம் பச்சையாயிடும். ஆனா அதே காத்துதான் மரத்தைப் பிடிச்சு உலுக்குது. காத்து அசையாம நிக்கிற அன்னிக்குப் புகை தேங்கும், சிவப்பு. அன்னிக்கு மரம் சும்மா நிக்கும், நீங்களும் துணியை உள்ள போடறீங்க."

"அப்ப மகரந்தத்தை யார் பார்க்கறா?"

"அதுக்கு வேற படம் இருக்கு. உங்க போன்லயே இருக்கு. கீழ ஓரத்துல சின்னதா ஒரு பூ இருக்குமே?"

"அதுவா? அது பூக்கடை விளம்பரம்னு நெனைச்சேன்!"

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். சலவைக்கடைக்காரி விரலால் அந்தப் பூவைத் தொட்டாள். பச்சையாக இருந்த ஊர் கண்ணெதிரே செக்கச்செவேலென்று மாறிற்று. அவர்கள் தெரு இருக்கும் பக்கம்தான் அடர்ந்த சிவப்பு.

பக்கத்திலிருந்த நாற்காலியில் தானாகவே உட்கார்ந்துவிட்டாள்.

"நீலப் போர்வை" என்றாள். "தினம் ராத்திரி மூக்கு வரைக்கும் இழுத்துப் போத்திப்பா. நான்தானே போத்தி விடுவேன். இழுப்பு வந்தா வியர்வையில நனைஞ்சுடுச்சேன்னு மறுநாளே துவைச்சு... மறுபடியும் மாடியில..." தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "நானா பண்ணேன்? என் கையாலயா?"

"அது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்ட கேக்கணும்."

"டாக்டர் தூசி, புகை ஆகாதுன்னார். நான் அதை மட்டும்தான் காதுல வாங்கினேன். ஊர் பார்க்க உன்னை வேற வாயில வந்ததெல்லாம் பேசினேன்!"

காத்துக்காரி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தான் பங்கு இருக்கு அண்ணி. அந்த மாடியில நின்னு எத்தனை தடவை உங்களோட அரட்டை அடிச்சிருக்கேன். மரம் தெரியும், கொடி தெரியும். ஊர் முழுசுக்கும் படம் போடறவளுக்கு, அண்ணன் வீட்டுக் கொடியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் தோணல. அந்தப் பூவை எல்லாரும் தொட்டுப் பார்த்திருப்பாங்கன்னு நெனைச்சேன்."

சலவைக்கடைக்காரி சால்வையால் முகத்தைத் துடைக்கப் போய், பதறி, அதைக் கழற்றி நாற்காலியில் வீசினாள். கையாலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"உங்க பெரியண்ணன் ஊர்? அது எப்பவும் பச்சைதான்னு உங்க அண்ணன் சொல்றார். தினம் எனக்கும் காட்டறார். அங்க போனா அவளுக்குச் சரியாயிடுமா? உண்மையைச் சொல்லு. சரியாயிடும்னா நான் தடுக்க மாட்டேன்."

காத்துக்காரி திரையில் அந்த ஊரைத் தேடி இழுத்தாள். கடலோரம் நெடுகப் பச்சை. பிறகு ஒரு பொத்தானைத் தட்டினாள். படத்தின் மேல் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் தோன்றின.

"இந்தப் புள்ளியெல்லாம் கருவி இருக்கிற இடம். பெரியண்ணன் ஊர்ல புள்ளி எங்கே?"

அவள் தேடினாள். கிடைக்கவில்லை. ஆகப் பக்கத்தில் இருந்த புள்ளியே மலைக்கு அந்தப் புறம் இருந்தது.

"அங்க கருவியே கிடையாது. தூரத்துக் கருவி என்ன சொல்லுதோ, காத்து எந்தப் பக்கம் போகுதோ, அதையெல்லாம் வச்சு நடுவுல இருக்கிற ஊரைக் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாப் பூசிடுது. பூ படமும் அங்க அப்படித்தான்."

"அப்ப அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம்?"

"நல்லா இருக்கலாம்னு அர்த்தம். நிஜமாவே நல்லாவும் இருக்கலாம், கடல் காத்துதானே. ஆனா யாரும் அங்க நின்னு அளந்து பார்க்கல."

சலவைக்கடைக்காரி எழுந்தாள். "நீ வா. உங்க அண்ணனுக்கு நான் சொன்னா ஏறாது. ரயிலுக்கு முன்னாடி போயாகணும்."

"நானா? வீட்டுக்கா?"

"பின்னே? உன்னைத் தூக்கிட்டா போக முடியும்? கிளம்புடி!"

அந்த 'டி'யைக் கேட்டு ஒரு மாதமாகியிருந்தது. காத்துக்காரி பையை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் படியிறங்கினாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே தும்மல் சத்தம். கூடத்தில் வாயாடி நீலப் போர்வையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். மனைவிக்கு உதவி பண்ணுகிற நல்ல எண்ணத்தில் கணவன் கொடியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவந்து, மடித்துப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தான்.

"அதைத் தொடாதே!" என்று சலவைக்கடைக்காரி போட்ட கூச்சலில் அவன் கையிலிருந்த தலையணை உறை கீழே விழுந்தது. அவள் பாய்ந்து போய் மகளிடமிருந்து போர்வையைப் பிடுங்கிக் குளியலறை வாளியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"போர்வைதானே? பாம்பா?" என்றான் கணவன். அப்புறம்தான் வாசலில் நிற்கிற தங்கையைப் பார்த்தான். "ஓகோ. ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்தாச்சா? இனிமே என் கதை அவ்வளவுதான்."

"வாயாடி, மூஞ்சி கைகால் கழுவிட்டு வேற சட்டை போட்டுக்கோ. மூச்சு எப்படி இருக்கு?" என்றாள் காத்துக்காரி.

"தும்மல் மட்டும்தான் அத்தை."

அவள் உடை மாற்றப் போனதும் இருவரும் அவனை உட்கார வைத்துச் சொன்னார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் பிடித்துக்கொண்டாள். போர்வை விஷயம் அவனுக்கு உடனே ஏறிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டான். கடலோர ஊர் விஷயம்தான் ஏறவில்லை.

"போன்ல இவ்ளோ தெளிவாப் பச்சையா இருக்கு. நீதானே போடறே? இல்லேன்னு நீயே சொல்றியா?"

"அங்க புள்ளி இல்லண்ணா. நிறம் மட்டும்தான் இருக்கு."

"நிறம் இருந்தா போதாதா?"

காத்துக்காரி கொஞ்சம் யோசித்தாள். "உன் லிஃப்ட்ல வெளியில நம்பர் எரியுதே. மூணுன்னு காட்டுது. பெட்டி மூணுலதான் இருக்கும்னு நம்பிக் கதவை நெம்பித் திறந்து காலை வைப்பியா?"

"பைத்தியமா? விளக்கு எதையும் காட்டும். எட்டிப் பார்த்து, பெட்டி நிக்குதான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான்..." அவன் பேச்சை நிறுத்தினான். தங்கையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

பிறகு மெதுவாக, "நான் பொண்ணையே காலை வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றான். அவனுக்குக் கண் கலங்கியது. அது தெரியாமலிருக்க எழுந்து போய்க் குளியலறைக் குழாயை மூடிவிட்டு வந்தான். "சரி, அனுப்ப வேண்டாம். முதல்ல போர்வை, துணி எல்லாத்தையும் உள்ள காயவச்சுப் பார்ப்போம். டாக்டர்கிட்டயும் கேப்போம். அண்ணனுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

சலவைக்கடைக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம். வாயாடி இங்கேயே இருப்பாள்! "உலர்த்தற மெஷினையும் வாங்கிடலாம்" என்று அவளே சொன்னதைக் கேட்டுக் கணவன் தன் காதையே நம்பாமல் நின்றான்.

"நான் போறேம்மா."

மூவரும் திரும்பினார்கள். வாயாடி புதுச் சட்டையும் ஈர முகமுமாக அறை வாசலில் நின்றாள்.

"எங்கடி?"

"பெரியப்பா வீட்டுக்கு. நான் போறேன்."

"உனக்குத்தான் இங்கயே சரியாயிடப் போகுதே! அத்தை சொன்னதைக் கேக்கலையா?"

"எல்லாம் கேட்டேன்." அவள் கதவின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே பேசினாள். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு, மூச்சுக்கு மூச்சு நிறுத்தாமல் வந்தது. "காலையில எழுந்ததும் நீ போனைப் பார்ப்பே. பச்சைன்னா ஒரு மாதிரி இருப்பே, சிவப்புன்னா ஒரு மாதிரி இருப்பே. அதுக்கப்புறம்தான் என்னைப் பார்ப்பே. அப்பவும் என்னைப் பார்க்க மாட்டேம்மா. என் நெஞ்சைத்தான் பார்ப்பே, ஏறுதா இறங்குதான்னு. நான் ஜோக் சொன்னாக்கூட நீ காது குடுத்து மூச்சு சத்தத்தைத்தான் கேப்பே. அதான் பேசறதையே விட்டுட்டேன். பெரியப்பா வீட்டுல யாரும் அப்படிப் பார்க்க மாட்டாங்க. இப்ப அந்தப் பூ படம் வேற வந்திருக்கு. இனிமே நீ ரெண்டு படம் பார்ப்பே."

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காத்துக்காரி அவன் கையை அழுத்தினாள்.

சலவைக்கடைக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. இன்றைய காலையை நினைத்துக்கொண்டாள். எழுந்தாள், கைப்பேசியைத் திறந்தாள், சன்னலைச் சாத்தினாள், கூடையை எடுத்தாள். மகள் எப்போது எழுந்தாள், என்ன சட்டை போட்டிருந்தாள்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"நான் போனைப் பார்க்கலேன்னா இருப்பியா?" என்றாள்.

"உன்னால முடியாதும்மா."

கேலியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வாயாடி அதைப் பரிதாபப்பட்டுச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒரு நாள்" என்றாள் அம்மா. "இன்னிக்கு ரயிலை விட்டுடு. நாளைக்கும் ஒரு ரயில் இருக்கு. காலையில நான் முதல்ல எதைப் பார்க்கறேன்னு நீயே பாரு. பிடிக்கலேன்னா சாயங்காலம் நானே உன்னை ஏத்தி விடறேன். அழக்கூட மாட்டேன்."

"அழுவே."

"சரி, அழுவேன். ஆனா ஏத்தி விடுவேன்."

வாயாடி யோசித்தாள். அப்பாவைப் பார்த்தாள், அவன் கைகளை விரித்தான். பிறகு கையை நீட்டினாள்.

"போன் எங்கிட்ட இருக்கட்டும்."

சலவைக்கடைக்காரி கைப்பேசியை எடுத்துக் கொடுத்தாள். விரல்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் விட்டன.

பெட்டியை யாரும் பிரிக்கவில்லை. அது கூடத்து நடுவிலேயே இருந்தது. கணவன் அதைச் சுற்றிக்கொண்டு போய் உள்ளே ஒரு கொடி கட்டினான். காத்துக்காரி எல்லோருக்கும் தேநீர் போட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு சர்க்கரை டப்பா எங்கே என்று தேடி, அது பழைய இடத்திலேயே இருப்பதைப் பார்த்து அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

வெளிச்சம் இறங்குகிற நேரம். நால்வரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது வாயாடியின் கையில் கைப்பேசி கிர்ரென்று அதிர்ந்தது. தினமும் இந்த நேரத்துக்குத்தான் நாளைய நிலவரம் வரும்.

வாயாடி திறந்து பார்த்தாள். ஒரு படம் பார்த்தாள். ஓரத்தில் இருந்த பூவைத் தொட்டு இன்னொரு படமும் பார்த்தாள். திரையை அணைத்துக் கைப்பேசியைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மாவின் கை தன்னையறியாமல் நீண்டது.

"என்னடி போட்டிருக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"நாளைக்கு எப்படியாம்? பூ என்ன நிறம்?"

"என் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடி."

சலவைக்கடைக்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாளைய படத்தை இன்று காலையிலேயே வரைந்து முடித்தவளே அவள்தான். எதிரே உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

வேறு வழி இல்லை. சலவைக்கடைக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மகளுக்கு நேரே உட்கார்ந்தாள். நெஞ்சைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ஈரம் காயாத முடி. தும்மித் தும்மிச் சிவந்த மூக்கு. கண்ணில் அந்தப் பழைய குறும்பு கொஞ்சம். வாயாடி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் பல் தெரியச் சிரித்துவிட்டாள்.

மேல் வரிசையில், ஓரமாக, ஒரு புதுப் பல் பாதி முளைத்திருந்தது. அது எப்போது வந்தது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.